சிஸ்பாட் விமர்சனம்: பக் பிடிப்பதில் கில்லாடி, தீர்ப்பு சொல்வதில் அரைகுறை

லினக்ஸ் கெர்னலுக்கு (ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையப் பகுதி) முதல் பேட்ச் (கோடில் செய்யும் திருத்தம்) அனுப்ப ஆசைப்படுபவர்களுக்கு வழக்கமாகக் கிடைக்கும் அறிவுரை ஒன்றுதான்: கெர்னலில் தானாகவே பக் தேடும் சிஸ்பாட்டின் டாஷ்போர்டைத் திற, மூடாமல் கிடக்கும் பக்குகளில் ஒன்றை எடு, சரி செய். லினக்ஸ் ஃபவுண்டேஷனின் கெர்னல் மென்டர்ஷிப் பயிற்சியிலும் பலர் இந்த வழியாகத்தான் உள்ளே வருகிறார்கள். அறிவுரையில் தப்பில்லை. ஆனால் அந்தப் பட்டியலில் எதை எடுக்கலாம், எதைத் தொட்டால் நேரம் மட்டுமே போகும், பாட் சொல்வதில் எதை நம்பலாம் என்பதை யாரும் கூடவே சொல்லி அனுப்புவதில்லை. இந்த விமர்சனம் அதற்காக. பாட்டுக்கு மெயிலில் அனுப்பும் கட்டளைகளை இங்கே தமிழ் எழுத்தில் கொடுத்திருக்கிறோம். மெயிலில் ஆங்கில எழுத்தில்தான் அடிக்க வேண்டும்.

சிஸ்பாட் கூகுள் நடத்தும் இலவச சேவை, 2017 முதல் ஓடுகிறது. உள்ளே இருக்கும் எஞ்சின் சிஸ்காலர் என்ற ஓப்பன் சோர்ஸ் ஃபஸ்ஸர், அதாவது விதவிதமான உள்ளீடு கொடுத்துக் கோடைத் தடுக்கி விழவைக்கும் கருவி. பெரும்பகுதி கோ மொழியில் எழுதப்பட்டது. ஃபஸ்ஸர் என்றதும் கண்டபடி குப்பையைக் கொட்டும் கருவி என்று நினைக்க வேண்டாம். ஒவ்வொரு சிஸ்டம் காலுக்கும் (புரோகிராம் கெர்னலிடம் வேலை கேட்கும் அழைப்பு) என்னென்ன ஆர்குமென்ட், எந்த வகை, எந்தக் கால் திருப்பித் தரும் ஃபைல் டிஸ்கிரிப்டரை (திறந்த கோப்பைக் குறிக்கும் எண்) அடுத்த எந்தக் காலுக்குக் கொடுக்கலாம் என்ற விவரணைக் கோப்புகள் அதனிடம் இருக்கின்றன. அவற்றை வைத்துச் சின்னச் சின்ன புரோகிராம்களைக் கோர்த்து வர்ச்சுவல் மெஷினுக்குள் ஓட்டுகிறது. ஒரு புரோகிராம் கெர்னல் கோடில் இதுவரை போகாத கிளைக்குள் புகுந்ததா என்பதை கேகவ் என்ற கெர்னல் வசதி சொல்லிவிடும் (லினக்ஸ் 4.6, 2016). புகுந்திருந்தால் அந்தப் புரோகிராமைப் பத்திரப்படுத்தி, அதையே வெட்டி ஒட்டித் திரும்பத் திரும்ப ஓட்டும்.

கெர்னல் தானாக விழும்வரை காத்திருந்தால் பாதி பக் கண்ணில் படவே படாது. விடுவித்த மெமரியை மறுபடி படித்தால் பெரும்பாலும் எதுவும் நடக்காது. என்றோ ஒரு நாள், வேறெங்கோ, சம்பந்தமில்லாத இடத்தில் விழும். அதனால் சிஸ்பாட் ஓட்டும் கெர்னல்கள் எல்லாமே கண்காணிப்புக் கருவிகளோடு கட்டப்பட்டவை. விடுவித்த மெமரியையும் எல்லை தாண்டலையும் பிடிக்க கேசான் (4.0, 2015), டேட்டா ரேஸுக்கு (இரண்டு த்ரெட்கள் ஒரே மெமரியை ஒரே நேரத்தில் பூட்டில்லாமல் தொடுவது) கேசிசான் (5.8, 2020), மதிப்பு வைக்காத மெமரியைப் படிப்பதற்கு கேம்சான் (6.1, 2022, இதற்கு கிளாங் கம்பைலர் கட்டாயம்), லாக் (ஒரு நேரத்தில் ஒருவரை மட்டும் விடும் பூட்டு) எடுக்கும் வரிசைச் சிக்கலுக்கு லாக்டெப். வார்ன் (கெர்னலின் எச்சரிக்கை) வந்தாலே பேனிக் (கெர்னல் அப்படியே நின்றுவிடுவது) ஆகும்படியும் வைத்திருக்கிறார்கள். ஃப்ரீபிஎஸ்டி, ஓப்பன்பிஎஸ்டி, நெட்பிஎஸ்டி போன்ற வேறு ஆபரேட்டிங் சிஸ்டங்களுக்கும் அதே தளத்தில் தனித்தனிப் பட்டியல் உண்டு. நாம் லினக்ஸ் பட்டியலை மட்டும் பார்ப்போம்.

எந்த பக்கை எடுப்பது

டாஷ்போர்டில் ஒவ்வொரு பக்குக்கும் தலைப்பு, ரீப்ரோ, பைசெக்ட் (பக் எந்தக் கமிட்டில், அதாவது எந்தக் கோடு மாற்றத்தில், நுழைந்தது என்ற தேடல்), எத்தனை முறை வந்தது, கடைசியாக எப்போது வந்தது என்று நெடுவரிசைகள் இருக்கும். முதலில் பார்க்க வேண்டியது ரீப்ரோ நெடுவரிசை. அதில் 'சி' என்று இருந்தால், பக்கை மறுபடி வரவழைக்கும் சி புரோகிராம் தயாராக இருக்கிறது என்று அர்த்தம். 'சிஸ்' என்று மட்டும் இருந்தால் சிஸ்காலரின் சொந்த மொழியில் இருக்கும் ரீப்ரோ. ஓட்டலாம், வேலை கொஞ்சம் கூடுதல். காலியாக இருந்தால் புதிதாக வருபவர்கள் தொட வேண்டாம். ரீப்ரோ இல்லாத பக்குக்கு பாட்டிடம் பேட்ச் சோதனை கேட்கவும் முடியாது. சில காலம் திரும்ப வராவிட்டால் பாட்டே அதைக் காலாவதி என்று மூடிவிடும்.

அடுத்து தேதி. கடைசியாக வந்து பல மாதம் ஆகியிருந்தால் யாரோ சரி செய்துவிட்டு, பாட்டுக்குச் சொல்ல மறந்திருக்க வாய்ப்பு அதிகம். பக்கின் பக்கத்திலேயே கீழே 'டிஸ்கஷன்ஸ்' பட்டியலும், இதற்கு முன் யார் யார் எந்தப் பேட்ச்சைச் சோதித்தார்கள் என்ற அட்டவணையும் இருக்கும். பலர் இதைப் பார்க்காமலே வேலையைத் தொடங்கிவிடுகிறார்கள். அந்த அட்டவணையில் நாலைந்து பேர் தோற்றுப்போன பேட்ச்கள் இருந்தால் அவை பொக்கிஷம்; எந்த வழி வேலைக்கு ஆகாது என்று இலவசமாகத் தெரிந்துவிடும்.

தலைப்பிலேயே ஒதுக்க வேண்டிய ரகங்களும் உண்டு. 'டாஸ்க் ஹங்', 'ஆர்சியு ஸ்டால்', 'டெஸ்ட் மெஷினிலிருந்து அவுட்புட் இல்லை', 'தொடர்பு அறுந்தது' ஆகியவை எல்லாம் எங்கோ ஏதோ நின்றுவிட்டது என்பதற்கு மேல் எதுவும் சொல்லாதவை. 'டாஸ்க் 143 நொடிக்கு மேல் பிளாக்' என்று வரும் ரிப்போர்ட்டில் தலைப்பில் இருக்கும் ஃபங்ஷன் லாக்குக்காகக் காத்து நின்ற அப்பாவி. லாக்கைப் பிடித்துக்கொண்டிருப்பது யார் என்பது கன்சோல் பதிவின் (log) அடியில், எல்லா லாக்கையும் பட்டியலிடும் பகுதியில் இருக்கும். அங்கே போகாமல் தலைப்பில் உள்ள ஃபங்ஷனை நோண்டினால் ஒன்றும் கிடைக்காது. இன்னொரு தொல்லை: ஒரே தலைப்புக்குக் கீழே சம்பந்தமே இல்லாத பல தேக்கங்கள் ஒன்றாகக் கொட்டப்பட்டிருக்கும்.

தலைப்பின் முன்னால் அடைப்புக்குள் '[இஎக்ஸ்டி4?]' போல சப்சிஸ்டம் (கெர்னலின் தனிப் பகுதி) பெயர் வருவதைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் கேள்விக்குறி அலங்காரத்துக்கு இல்லை. பாட் ஊகித்த பெயர், மனிதர் யாரும் உறுதி செய்யவில்லை என்று பொருள். ஊகம் தப்பாக இருந்தால் ரிப்போர்ட்டுக்கு ரிப்ளையில் '#சிஸ் செட் சப்சிஸ்டம்ஸ்:' என்று போட்டுச் சரியான பெயரைக் கொடுக்கலாம். பேட்ச் எழுதத் தெரியாதவர்கள்கூடச் செய்யக்கூடிய உருப்படியான வேலை இது. தப்பான மெயிலிங் லிஸ்ட்டுக்குப் போன ரிப்போர்ட்டை யாரும் சீந்துவதில்லை.

ரிப்போர்ட்டைப் படிக்கும் விதம்

கேசான் ரிப்போர்ட்தான் பட்டியலிலேயே தரமான சரக்கு. யூஸ்-ஆஃப்டர்-ஃப்ரீ (விடுவித்த மெமரியைத் தொடுவது) ரகத்தில் மூன்று ஸ்டாக் ட்ரேஸ்கள் (எந்த ஃபங்ஷன் எதைக் கூப்பிட்டு அங்கே வந்தது என்ற தடம்) வரும்: தப்பாகத் தொட்ட இடம், அந்த மெமரி ஒதுக்கப்பட்ட இடம், விடுவிக்கப்பட்ட இடம். புதியவர்கள் முதலாவதை மட்டும் பார்த்துவிட்டு அங்கே ஒரு நல் செக் (பாயின்டர் வெறுமையா என்ற சோதனை) போடப் பார்ப்பார்கள். பக் பெரும்பாலும் மூன்றாவதில் இருக்கிறது. விடுவித்தது யார், அந்த நேரத்தில் இன்னும் யார் கையில் அந்த பாயின்டர் இருந்தது? ரிப்போர்ட்டை அந்தக் கேள்வியோடு படிக்க வேண்டும்.

ஒரு வழக்கமான உருவத்தைப் பார்க்கலாம். முதல் ட்ரேஸ் வொர்க் கியூ (பிறகு செய்யச் சொல்லி வேலைகளைப் போட்டுவைக்கும் வரிசை) த்ரெட்டிலிருந்து வருகிறது. மூன்றாவது ட்ரேஸ் யுஎஸ்பி டிரைவரின் டிஸ்கனெக்ட் ஃபங்ஷனில், மெமரியை விடுவிக்கும் கேஃப்ரீயில் முடிகிறது. அதாவது சாதனத்தைப் பிடுங்கியபோது டிரைவர் தன் ஸ்ட்ரக்சரை விடுவித்துவிட்டது, ஆனால் ஏற்கனவே வரிசையில் போட்ட வேலை அதற்குப் பிறகு ஓடி அதே ஸ்ட்ரக்சரைத் தொட்டது. கேஃப்ரீக்கு முன்னால் கேன்சல்-வொர்க்-சிங்க் கூப்பிடுவது கைக்கு உடனே வரும் மருந்து. அது மட்டும் போதாது. வேலையை வரிசையில் போடுவது யுஆர்பி (யுஎஸ்பி சாதனத்துக்குப் போகும் தரவுக் கோரிக்கை) முடிவின்போது ஓடும் கால்பேக் என்றால், நீங்கள் ரத்து செய்த அடுத்த நொடியே அது மறுபடி வரிசையில் போட்டுவிடும். முதலில் யுஆர்பியைக் கொன்று, பிறகு வேலையை ரத்து செய்து, அதன் பிறகுதான் விடுவிக்க வேண்டும். ஊற்றை அடைக்காமல் வாளியால் இறைத்துப் பயனில்லை. இன்னொரு பொறியும் உண்டு: ரத்து செய்யும் இடத்தில் ஒரு மியூட்டெக்ஸைப் (ஒரு வகை லாக்) பிடித்திருக்கிறீர்கள், அந்த வேலையும் அதே மியூட்டெக்ஸை எடுக்கிறது என்றால் டெட்லாக், இரண்டும் ஒன்றுக்கொன்று காத்தே நிற்கும். யூஸ்-ஆஃப்டர்-ஃப்ரீயைச் சரி செய்யப்போய் டாஸ்க் ஹங்கை உண்டாக்கிய கதையாகிவிடும்.

ட்ரேஸ்களுக்குக் கீழே 'பக் உள்ள முகவரி, விடுவிக்கப்பட்ட 512 பைட் பகுதிக்குள் 24 பைட் தள்ளி' என்ற மாதிரி ஒரு வரி இருக்கும். பாஹோல் கருவியை விஎம்லினக்ஸ் (டீபக் விவரத்தோடு கட்டிய கெர்னல்) கோப்பின் மேல் ஓட்டி ஸ்ட்ரக்சரின் அமைப்பைப் பாருங்கள். 24-ஆவது பைட்டில் எந்த ஃபீல்ட் இருக்கிறது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. அதற்கும் கீழே மெமரி நிலவர வரிசை. கேசான் ஒவ்வொரு 8 பைட்டுக்கும் 1 பைட் நிழல் வைத்திருக்கிறது (மெமரியில் எட்டில் ஒரு பங்கு இதற்கே போகிறது). '00' என்றால் எட்டு பைட்டும் தொடலாம், '03' என்றால் முதல் மூன்று மட்டும், 'எஃப்பி' விடுவிக்கப்பட்டது, 'எஃப்சி' ஸ்லாப்பின் (கெர்னல் மெமரியைத் துண்டு துண்டாக ஒதுக்கும் இடம்) எல்லைக் காவல் பகுதி. எல்லை தாண்டல் பக்குகளில் இந்த வரிசையைப் பார்த்தாலே ஒரு பைட் தாண்டினார்களா, வெகுதூரம் போனார்களா என்று சொல்லிவிடலாம். ஒரு பைட் என்றால் வரம்பு ஒப்பீட்டில் ஒன்று பிசகியிருக்கும் அல்லது சரத்தின் முடிவுப் பைட் விடுபட்டிருக்கும். வெகுதூரம் என்றால் யூசரிடமிருந்தோ டிஸ்கிலிருந்தோ வந்த நீள எண்ணை யாரும் சோதிக்கவில்லை.

சொந்த மெஷினில் வரவழைப்பது

இந்த விஷயத்தில் சேவை வெகுவாக முன்னேறியிருக்கிறது. முன்பு கெர்னல் கான்ஃபிக் (எந்தெந்த வசதியோடு கட்டுவது என்ற பட்டியல்) கோப்பை இறக்கி நாமே கட்ட வேண்டியிருந்தது. கம்பைலர் பதிப்பு கொஞ்சம் மாறினாலும் பக் வராது. இப்போது ரிப்போர்ட்டிலேயே டிஸ்க் இமேஜ், விஎம்லினக்ஸ், கெர்னல் இமேஜ் மூன்றுக்கும் இணைப்பு தருகிறார்கள். டிஸ்க் இமேஜை இறக்கி, எக்ஸ்இசட் சுருக்கத்தை விரித்து, வர்ச்சுவல் மெஷின் ஓட்டும் கியூஇஎம்யுவில் 2 ஜிபி மெமரி, 2 சிபியு, கேவிஎம் (ஹார்டுவேர் உதவியோடு வேகமாக ஓட்டும் வசதி) இயக்கத்தில், 'ஸ்னாப்ஷாட்' ஆப்ஷனோடு கிளப்பினால் போதும். ஸ்னாப்ஷாட்டை விட்டுவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் முதல் கிராஷிலேயே இமேஜ் பாழாகி, அடுத்த முறை பூட் ஆகாமல் நிற்கும். மெஷினின் 22-ஆம் போர்ட்டை வெளியே 10022-க்குத் திருப்பிவிட்டு எஸ்எஸ்ஹெச்சில் ரூட்டாக நுழையலாம், பாஸ்வேர்ட் கிடையாது.

ரீப்ரோவை உங்கள் மெஷினில் ஜிசிசி கொண்டு 'ஸ்டாடிக்' ஆப்ஷனோடு கம்பைல் செய்து உள்ளே அனுப்புங்கள். ஸ்டாடிக் இல்லாமல் அனுப்பினால் உள்ளே இருக்கும் சி லைப்ரரி பதிப்பு ஒத்துப்போகாமல் ஓட மறுக்கலாம். ரேஸ் சம்பந்தப்பட்டது என்றால் சில நிமிடங்கள் விட்டுப் பாருங்கள். சிபியு எண்ணிக்கையை ஒன்றாக வைத்துவிட்டு 'வரவில்லை' என்று சொல்வதில் அர்த்தமில்லை.

சிஸ் ரீப்ரோ மட்டும் இருந்தால் சிஸ்காலரையே கட்டி, சிஸ்-எக்ஸெக்ப்ராக் கருவியால் ஓட்ட வேண்டும். சறுக்கும் இடம் ஒன்றுதான்: ரிப்போர்ட் வந்த நாளில் பாட் பயன்படுத்திய அதே சிஸ்காலர் கமிட்டைக் கட்ட வேண்டும். சிஸ்டம் கால் விவரணைகள் மாறிக்கொண்டே இருப்பதால், இன்றைய பதிப்புக்குப் பழைய ரீப்ரோ கோப்பின் வரிகள் புரியாமல் போகலாம். கோப்பின் தலையில் சாண்ட்பாக்ஸ், த்ரெட், ரிபீட் என்று ஆப்ஷன்கள் ஜேசானாக எழுதப்பட்டிருக்கும். கட்டளை வரியிலும் அதையே கொடுங்கள்.

வேலையைத் தொடங்கும் முன் இன்னொன்று: ரிப்போர்ட் வந்த கமிட்டில் வருகிறது என்பது போதாது, இன்றைய மெயின்லைனில் (கெர்னலின் முதன்மைக் கோடு மரம்) வருகிறதா என்று பாருங்கள். பேட்ச் எதுவும் சேர்க்காமல் மெயின்லைன் மரத்தையும் கிளையையும் மட்டும் கொடுத்து '#சிஸ் டெஸ்ட்' அனுப்பினால் பாட்டே ஓட்டிப் பார்த்துச் சொல்லிவிடும். ஏற்கனவே சரியான பக்கில் வாரக்கணக்கில் மாட்டிக்கொள்ளாமல் தப்ப இதைவிட மலிவான வழி இல்லை.

பைசெக்ட்டை நம்பலாமா?

அப்படியே நம்பக்கூடாது. சேவையின் மிகப் பலவீனமான பகுதி இதுதான். ஆனால் ரிப்போர்ட்டில் அது உட்கார்ந்திருக்கும் தோரணையைப் பார்த்தால் தீர்ப்பு மாதிரியே இருக்கும். 'இந்த பக் இந்தக் கமிட்டால் வந்தது' என்று பெயரோடு வரும், அந்தக் கமிட்டை எழுதியவருக்கும் மெயில் போகும். பாவம், அவர் பெரும்பாலும் சம்பந்தமில்லாதவராகவே இருக்கலாம்.

எங்கே பிசகுகிறது என்றால், பாட் பழைய வெளியீடுகள் வழியாகப் பின்னால் போய் ஒவ்வொன்றிலும் ரீப்ரோவைப் பல மெஷின்களில் ஓட்டுகிறது. பழைய கெர்னலில் அதே ரீப்ரோ வேறொரு பக்கைத் தூண்டிவிட்டால் அதையும் 'கிராஷ்' கணக்கில் சேர்த்துவிடக்கூடும். ரேஸ் பக் எல்லா முறையும் தலைகாட்டாமல் போனால் கெட்ட கமிட்டை நல்லது என்று முடிவு கட்டிவிடும். சில நேரம் பக்கைக் கண்டுபிடிக்கும் சோதனையைச் சேர்த்த கமிட்டிலேயே போய் நிற்கும்: பக் பத்து வருடமாக இருக்கிறது, வார்ன் வரியைச் சேர்த்தவர் குற்றவாளி ஆகிறார்.

பைசெக்ட் பதிவைத் (log) திறந்து பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். 'ரன் 0: கிராஷ்டு', 'ரன் 1: ஓகே' என்று ஒவ்வொரு படியும் அதன் கிராஷ் தலைப்போடு எழுதப்பட்டிருக்கும். எல்லாப் படியிலும் ஒரே தலைப்பு, எல்லா ரன்னும் ஒரே முடிவு என்றால் நம்பலாம். தலைப்புகள் மாறிக்கொண்டே இருந்தாலும், பத்தில் ஒரு ரன் மட்டும் விழுந்திருந்தாலும் தூக்கிப் போடுங்கள். எந்தக் கமிட்டின் தப்பைத் திருத்துகிறோம் என்று சொல்லும் பேட்ச்சின் 'ஃபிக்ஸஸ்' வரியில் பைசெக்ட் முடிவைக் கண்ணை மூடிக்கொண்டு ஒட்டுவது மோசமான பழக்கம்; ஸ்டேபிள் மரங்களில் (வெளியான பதிப்புகளுக்குத் திருத்தங்கள் மட்டும் சேர்பவை) எந்தப் பதிப்புவரை பேட்ச் போக வேண்டும் என்பது அந்த வரியை வைத்துத்தான் முடிவாகிறது. கிட் பிளேம் (ஒவ்வொரு வரியையும் எந்தக் கமிட் மாற்றியது என்று காட்டும் கட்டளை) போட்டு, பக் உள்ள வரி உண்மையில் எப்போது வந்தது என்று நீங்களே தேடுங்கள்.

மறுபக்கம் 'சரி செய்த கமிட்' எது என்று தேடும் பைசெக்ட்டும் உண்டு. 'இந்தக் கமிட்டால் சரியாகியிருக்கலாம் என்று சந்தேகிக்கிறேன்' என்று பாட் மெயில் போடும். அதையும் கமிட்டைப் படித்துப் பார்த்துவிட்டு ஒப்புக்கொள்ளுங்கள்.

பேட்ச் சோதனை

சேவையிலேயே மிகவும் பிடித்த பகுதி. ரிப்போர்ட்டுக்கு ரிப்ளை போட்டு, வரியின் தொடக்கத்தில் '#சிஸ் டெஸ்ட்' என்று எழுதி, பேட்ச்சை மெயிலுக்குள் அல்லது இணைப்பாக வைத்தால் போதும். பாட் கெர்னலைக் கட்டி ரீப்ரோவை ஓட்டி முடிவைத் திருப்பி அனுப்புகிறது. மரம் குறிப்பிடாவிட்டால் பக் வந்த மரத்திலேயே ஓட்டும். நல்ல லேப்டாப் இல்லாத மாணவர்களுக்குக்கூடக் கெர்னல் வேலையைத் திறந்துவிட்டது இந்த ஒரு வசதிதான் என்றால் மிகையில்லை.

பேட்ச் ஒட்டவில்லை என்று பதில் வந்தால் பத்தில் ஒன்பது முறை காரணம் மெயில் புரோகிராம்தான். ஜிமெயில் வலைப்பக்கத்தில் ஒட்டினால் டேப் எல்லாம் ஸ்பேஸாகிவிடும், நீள வரிகள் மடங்கிவிடும். கிட் சென்ட்-இமெயில் பயன்படுத்துங்கள், இல்லாவிட்டால் கோப்பாக இணையுங்கள். கெர்னல் லிஸ்ட்கள் ஹெச்டிஎம்எல் மெயிலை ஏற்பதே இல்லை.

இன்னொரு குறிப்பு மரியாதை சம்பந்தப்பட்டது. பிரிண்ட்-கே (கெர்னல் பதிவில் செய்தி எழுதும் ஃபங்ஷன்) சேர்த்த அரைகுறை பேட்ச்களை எல்லாம் மெயிலிங் லிஸ்ட்டை சிசியில் வைத்துக்கொண்டே சோதிப்பவர்கள் நிறைய. ஒவ்வொரு சோதனையும் அதன் பதிலும் ஆயிரக்கணக்கானவர்களின் இன்பாக்ஸில் விழுகிறது. பரிசோதனைக் கட்டத்தில் பாட்டின் முகவரிக்கு மட்டும் அனுப்புங்கள். பராமரிப்பாளர் (அந்தப் பகுதியின் பேட்ச்களை ஏற்கும் பொறுப்பாளர்) உங்கள் பெயரை முதன்முதலாக உருப்படியான பேட்ச்சோடு பார்ப்பது நல்லது.

'ரீப்ரோ எந்தப் பிரச்சினையையும் தூண்டவில்லை' என்று பதில் வந்ததும் கொண்டாடிவிடக் கூடாது. சோதனை பாட்டால் முடிந்தவரைதான் என்று அந்த மெயிலின் கடைசி வரியிலேயே எழுதியிருக்கும். டைமிங் மாறியதாலேயே ரேஸ் ஒளிந்துகொள்வது சகஜம். இரண்டு பிரிண்ட்-கே சேர்த்தாலே மறையும் பக்குகள் உண்டு. பேட்ச் ஏன் வேலை செய்கிறது என்று கமிட் செய்தியில் உங்களால் விளக்க முடியாவிட்டால், பாட் கொடுத்த பச்சைக் கொடிக்கு மதிப்பில்லை.

இதைத்தான் பராமரிப்பாளர்கள் அதிகம் குறைப்படுகிறார்கள்: ரிப்போர்ட்டை வாயடைக்கும் பேட்ச்கள். சில உருவங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. கேம்சான் 'மதிப்பு வைக்காத மெமரி' என்றால் மெமரி ஒதுக்கும் கேமல்லாக்கை கேஸட்அல்லாக்காக மாற்றி, எல்லாவற்றையும் பூஜ்யமாக்கி முடித்துவிடுவது. யுஎஸ்பி டிரைவர்களில் உண்மையான காரணம் வேறு: 6 பைட் கேட்டோம், சாதனம் 2 பைட்தான் தந்தது, டிரைவர் திரும்பி வந்த எண் பூஜ்யத்துக்குக் கீழே போனதா என்று மட்டும் பார்த்துவிட்டு ஆறையும் படித்தது. அங்கே நீளத்தைச் சரிபார்க்க வேண்டும். முழு நீளமும் வராவிட்டால் பிழை தரும் யுஎஸ்பி-கன்ட்ரோல்-மெசேஜ்-ரிசீவ் ஃபங்ஷன் இதற்கென்றே இருக்கிறது. பூஜ்யமாக்கினால் எச்சரிக்கை போய்விடும், டிரைவர் பொய்யான பூஜ்யத்தை நம்பி ஓடும். அதேபோல, யூசர் கொடுத்த பிரம்மாண்டமான அளவால் மெமரி ஒதுக்கும்போது வார்ன் வந்தால் 'நோவார்ன்' கொடியைச் சேர்ப்பது. அந்த அளவுக்கு ஒரு நியாயமான வரம்பு இருக்க வேண்டாமா என்பதுதான் கேள்வி. கேசிசான் ரிப்போர்ட்டுக்குப் பார்த்த இடமெல்லாம் ரீட்-ஒன்ஸ் (மதிப்பை ஒரே முறை படிக்கச் சொல்லும் மேக்ரோ) போடுவது இன்னொரு ரகம். லாக் விட்டுப்போன இடத்தில் அது வெறும் பூச்சுவேலை.

பேட்ச் தயாரானதும் இந்த வரிகள் சரியாக இருக்கட்டும்: 12 எழுத்து கமிட் ஹாஷோடு (கமிட்டின் அடையாள எண்) 'ஃபிக்ஸஸ்', பிறகு 'ரிப்போர்ட்டட்-பை' வரியில் சிஸ்பாட் என்ற பெயரோடு கூட்டல் குறி போட்டு 20 எழுத்து அடையாளம் உள்ள முகவரி, அதற்கு அடுத்து 'குளோஸஸ்' வரியில் டாஷ்போர்டு இணைப்பு. அந்த 20 எழுத்தை வைத்துத்தான் பாட் பேட்ச்சையும் பக்கையும் முடிச்சுப் போடுகிறது. அது விட்டுப்போனால் பேட்ச் மெயின்லைனுக்குள் போன பிறகும் பக் திறந்தே கிடக்கும். அப்படியானால் '#சிஸ் ஃபிக்ஸ்:' என்று போட்டு கமிட் தலைப்பை எழுத்துக்கு எழுத்து அப்படியே கொடுக்க வேண்டும்; தலைப்பு பிசகினால் இல்லாத கமிட்டுக்காக பாட் காத்துக்கொண்டே இருக்கும். இரண்டு ரிப்போர்ட் ஒரே பக் என்றால் '#சிஸ் டப்:', பக்கே இல்லை என்றால் '#சிஸ் இன்வாலிட்'. கடைசிக் கட்டளையை அவசரப்பட்டுப் போடாதீர்கள். மூடிய பக் மறுபடி வந்தால் தலைப்பில் '(2)' ஒட்டிக்கொண்டு புது ரிப்போர்ட்டாக வரும். பழைய விவாதம் தனியே போய்விடும்.

ஃபைல் சிஸ்டம் பஞ்சாயத்து

பட்டியலில் கணிசமான பகுதி, வேண்டுமென்றே சிதைத்த டிஸ்க் இமேஜை மவுன்ட் (டிஸ்கில் உள்ள கோப்புகளைப் பயன்படுத்தும்படி இணைப்பது) செய்யும்போது வரும் பக்குகள். மவுன்ட் செய்ய ரூட் அதிகாரம் வேண்டும், ரூட்டாக இருப்பவர் கெர்னலைக் கவிழ்க்க ஆயிரம் வழி இருக்கிறது, இதற்கு ஏன் எங்கள் நேரம் என்பது ஃபைல் சிஸ்டம் பராமரிப்பாளர்கள் சிலரின் வாதம். யாரோ கொடுத்த பென் டிரைவைச் செருகினால் டெஸ்க்டாப் தானாகவே மவுன்ட் செய்கிறதே என்பது எதிர்வாதம். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. மவுன்ட் ஆன டிஸ்க்கின் மேலேயே நேரடியாக எழுதிக் கெடுக்கும் ரகத்துக்கு மட்டும் தெளிவான தீர்வு வந்தது: அப்படி எழுதுவதைத் தடுக்கும் கான்ஃபிக் ஆப்ஷன் கெர்னல் 6.8-இல் (2024) சேர்ந்தது, சிஸ்பாட்டும் அதைப் பயன்படுத்துகிறது.

நடைமுறையில் உங்களுக்கு இது என்ன சொல்கிறது? ஹெச்எஃப்எஸ், ஜேஎஃப்எஸ் போன்ற பழைய ஃபைல் சிஸ்டங்களில் சுலபமாகத் தெரியும் பக்குகள் நிறைய இருக்கும், பேட்ச்சைப் பார்க்க ஆள் குறைவு. ஹெச்எஃப்எஸ் பல வருடம் பராமரிப்பாளர் இல்லாமலே கிடந்தது. நன்றாகக் கவனிக்கப்படும் நெட்வொர்க்கிங் பகுதியில் பக் கொஞ்சம் கடினம், ஆனால் ஓரிரு நாளில் பதில் வரும். கற்றுக்கொள்ள வந்தவருக்குப் பதில் கிடைக்கும் இடமே மேல்.

பாதுகாப்புப் பக்கம் ஒரு நெருடல் இருக்கிறது. ரிப்போர்ட்டும் ரீப்ரோவும் பொதுவில் கிடக்கின்றன. சரி செய்ய வருபவர் படிப்பதையே தாக்க வருபவரும் படிக்கலாம். 2024 பிப்ரவரியில் கெர்னல் குழுவே சிவிஇ (பாதுகாப்பு ஓட்டைகளுக்குத் தரும் பொது அடையாளம்) எண் வழங்கத் தொடங்கிய பிறகு, சிஸ்பாட் பக்குகளுக்கான பேட்ச்கள் பலவற்றுக்கு சிவிஇ எண் விழுகிறது. பழைய கெர்னலை வைத்துப் பொருள் விற்கும் நிறுவனங்கள் ஸ்டேபிள் பட்டியலில் இருக்கும் 'மிஸ்ஸிங் பேக்போர்ட்ஸ்' பக்கத்தைப் பார்த்தே ஆக வேண்டும். மெயின்லைனில் சரியாகி, எல்டிஎஸ் (நீண்ட காலம் பராமரிக்கப்படும்) கெர்னலுக்கு இன்னும் வராதவை அங்கே வரிசையாக இருக்கின்றன. சத்தமில்லாமல் கிடக்கும் மிகப் பயனுள்ள பக்கம்.

இதில் கிடைக்காதவை

லேப்டாப் சஸ்பெண்ட் ஆகி எழவில்லை, புது கெர்னலில் வைஃபை அறுகிறது, கிராஃபிக்ஸ் கார்டு தொங்குகிறது என்பவற்றுக்கு இங்கே விடை தேட வேண்டாம். எல்லாம் வர்ச்சுவல் மெஷினில் ஓடுவதால் உண்மையான ஹார்டுவேர், ஃபர்ம்வேர் சிக்கல்கள் சிஸ்பாட் கண்ணுக்கே வராது. யுஎஸ்பி விதிவிலக்கு, ரா-கேட்ஜெட் வசதி வழியாகப் பொய்ச் சாதனங்களைச் செருகிச் சோதிக்கிறது. வேகம் குறைந்தது, பேட்டரி குடிக்கிறது போன்றவையும் வராது. 'முந்தைய பதிப்பில் ஓடியது, இதில் ஓடவில்லை' என்பது உங்கள் புகார் என்றால் சம்பந்தப்பட்ட சப்சிஸ்டம் லிஸ்ட்டுக்கு மெயில் எழுதி, ரெக்ரெஷன்ஸ் லிஸ்ட்டை சிசியில் வைத்து, '#ரெக்ஸ்பாட் இன்ட்ரட்யூஸ்டு:' வரியில் பதிப்பு எல்லையைக் கொடுங்கள். ரெக்ஸ்பாட் என்ற இன்னொரு பாட் அதைத் தீரும்வரை பின்தொடரும். கெர்னல் பக்ஸில்லாவில் மட்டும் போட்டுவிட்டுக் காத்திருந்தால், பல பராமரிப்பாளர்கள் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதே இல்லை.

நீங்களே கெர்னல் மாட்யூல் எழுதுபவர் என்றால் அது மெயின்லைனில் இல்லாதவரை சிஸ்பாட் உங்களுக்காக ஓடாது. சிஸ்காலரைச் சொந்தமாக நிறுவ வேண்டும். 2 சிபியு, 2 ஜிபி வீதம் நாலு வர்ச்சுவல் மெஷின் ஓட்ட 16 ஜிபி மெமரி உள்ள டெஸ்க்டாப் போதும். கெர்னல் கான்ஃபிக்கில் கேகவ், கேசான், டீபக் இன்ஃபோ மூன்றையும் போட்டு, முகவரிக் குலுக்கலை (ஒவ்வொரு பூட்டிலும் கெர்னலின் முகவரியை மாற்றும் வசதி) அணைத்து, சிஸ்காலரோடு வரும் கிரியேட்-இமேஜ் ஸ்கிரிப்ட்டால் டெபியன் இமேஜ் ஒன்றைத் தயாரித்தால் சிஸ்-மேனேஜர் கிளம்பிவிடும். முன்னேற்றத்தை பிரவுசரில் 56741-ஆம் போர்ட்டில் பார்க்கலாம். உங்கள் டிரைவரின் ஐஆக்ட்ல்களுக்கு (டிரைவருக்கே உரிய கட்டளைகளை அனுப்பும் சிஸ்டம் கால்) விவரணைக் கோப்பு எழுதாமல் ஓட்டினால் அது கெர்னலின் மற்ற மூலைகளை எல்லாம் துழாவும், உங்கள் கோடின் வாசலைக்கூட மிதிக்காது. ஓரிரு மணி நேரம் ஓடியதும் கவரேஜ் பக்கத்தைத் திறந்து, உங்கள் மூலக் கோப்பில் எத்தனை சதவீதம் தொட்டிருக்கிறது என்று பாருங்கள். பூஜ்யம் என்றால் இரவு முழுக்க ஓட விடுவது கரண்ட் செலவு மட்டுமே.